மூன்றாவது பத்தி

மார்ச் 3

வாய் மூடி இருந்தது போதும். வெளியே சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ராணுவத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருபது வருடம். தளபதியின் வருத்தம், அமைச்சரின் பெருமிதம் எல்லாம் என் மேசையில்தான் பிறந்தன. என்னிடம் தொழில் கற்றவன் இன்று தலைமையகத்தில் எனக்கு உத்தரவு அனுப்புகிறான். எனக்குக் கிடைத்தது 'புலவர்' என்ற கிண்டல் பெயர்.

எங்கள் அறிக்கைகளில் மூன்றாவது பத்தி எப்போதும் யாராவது சொன்னதாக இருக்கும். அதை முதலில் நான் எழுதுவேன். சொன்னதாக இருக்க வேண்டியவர் பிறகு "சரி" என்பார். அந்த நிமிடத்திலிருந்து அது அவர் சொன்னது.

மார்ச் 9

மலைப்பாதையில் லாரி உருண்டு ஓட்டுநர் இறந்துவிட்டான். முகாம் மெக்கானிக்கிடம் தொலைபேசியில் விசாரித்தேன். அழுதுகொண்டே சொன்னான். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் காலையிலேயே சொல்லியிருக்கிறான். அப்படியே பணிமனைக்குக் கொண்டு போ என்று அனுப்பிவிட்டார்கள். தனியாகத்தான் போனான். லாரியில் வேறு யாருமில்லை.

எங்கள் கர்னல் உடுப்பு கசங்கிவிடும் என்று நாற்காலியில் சாயக்கூட மாட்டார். அதனால் நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. என் வரைவைப் படித்துவிட்டு, பிரேக் வேண்டாம் என்றார்.

"பாவம், சின்னப் பையன். ஏதாவது சொல்லிட்டுச் சாகட்டும், புலவரே."

மூன்றாவது பத்தியில் சொல்ல வைத்தேன். லாரியின் பின்பக்கம் ஆட்களை ஏற்றினேன். 'நீங்க குதிச்சிடுங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்.' மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டு, நீ கேட்டதாகப் போடுகிறேன் என்று வாசித்துக் காட்டினேன்.

"சரி சார்."

மார்ச் 10

எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். என் பெயர் எதிலும் இல்லை. வழக்கம்தானே.

மார்ச் 17

மனைவி தன் தங்கையிடம் தொலைபேசியில் லாரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, குதிங்க குதிங்க என்று ஆட்டினானாம்.

கையா? நான் கையை எழுதவேயில்லையே. எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியலையா? நல்ல ஆபீஸ்."

அன்றைய பத்திரிகைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எதிலும் கை இல்லை.

மார்ச் 28

நினைவுக் கூட்டம். நான் எழுதிக் கொடுத்த தாளை மெக்கானிக் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான். தானாகவே பேசினான். லாரியின் பின்பக்கம் அவனும் உட்கார்ந்திருந்தானாம். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தானாம், கையை ஆட்டினானாம். கூட்டம் விம்மியது. ஓட்டுநரின் அம்மா என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சின்ன வயசிலிருந்தே அவன் பேச்சு அதுதான், எதற்கெடுத்தாலும் 'நான் பாத்துக்கறேன்' என்பான் என்றாள்.

மெக்கானிக் மேடையிலிருந்து தாங்கித் தாங்கி இறங்கினான். ஓரமாக அழைத்துப் போய், காலில் என்ன என்றேன்.

"குதிச்சப்ப மடங்கிடுச்சு சார்."

"எப்ப குதிச்ச?"

எனக்கு ஏதோ ஆகிவிட்டது போலப் பார்த்தான். பொய் சொல்கிறவன் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் பிழைப்பே அதில்தான். அந்தக் கண்ணில் பொய் இல்லை. குனிந்து கணுக்காலைத் தொட்டேன். வீங்கி, சூடாக இருந்தது.

ஏப்ரல் 2

ஓட்டுநரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். இஸ்திரி அவளைக் காக்க வைத்துவிட்டு, கடைசியில் என் அறைக்குத் தள்ளிவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அன்று கிளம்புவதற்கு முன் அவன் அவளிடம் போனில் பேசியிருக்கிறான். பிரேக் இல்லை, தனியாக ஓட்டிப் போகச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று.

இதைச் சொன்னதற்கு மாமியார், என் பிள்ளையைக் கோழை ஆக்குகிறாயா என்று கேட்டாளாம். பிறந்த வீட்டில் டாக்டரிடம் கூட்டிப் போனார்களாம். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று மாத்திரை.

"இப்ப எனக்கே மாறிக் கேக்குது சார். அந்த போன்லயே 'நான் பாத்துக்கறேன்'னு சொன்ன மாதிரி இருக்கு. கடைசியா என்கிட்ட பேசினது அது ஒண்ணுதான். அதையும் நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க, போயிடறேன்."

நான் என்ன சொன்னேன்? உங்கள் துயரத்தில் எங்கள் துறை பங்குகொள்கிறது என்றேன். வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. சீ, இதெல்லாம் ஒரு வாயா?

தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 3

இஸ்திரியிடம் போய், மெக்கானிக் முதலில் சொன்னதை அப்படியே சொன்னேன். வரைவைத் திருத்தச் சொன்னது நீங்கள்தான் என்றும் சொன்னேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஜென்மத்தில் முதல் தடவையாக என்னைப் பரிவோடு பார்த்தார்.

"பின்னாடி ஆளுங்க இருந்தாங்களே, புலவரே. கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்."

பழைய பகையெல்லாம் சேர்த்து வைத்து அவர் முகத்தைத் துருவினேன். நடிக்கவில்லை. மனுஷனுக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை.

ஏப்ரல் 8

பேருந்தில் கண்ணயர்ந்தேன். லாரியின் பின்பக்கம் தலைகள் தெரிந்தன.

ஏப்ரல் 9

காலையில் பல் தேய்க்கும்போது கையும் தெரிந்தது. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. இதை யார் எழுதினார்கள்? நானா? இல்லையே.

எனக்கும் தொற்றிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில், நானும் பார்த்தேன் என்று அந்தப் பெண்ணிடமே சத்தியம் செய்வேன்.

இந்தப் பக்கங்களைக் கிழித்து அவளுக்கு அனுப்புகிறேன். யாரென்று அவள் ஊகித்துவிடுவாள், இருந்தாலும் பெயர் போட மாட்டேன். பயத்தினால் இல்லை, சரி, பயமும்தான். ஆனால் என் பெயரைப் பார்த்தால் 'எங்கள் துறை பங்குகொள்கிறது' என்ற குரல்தான் அவளுக்குக் கேட்கும். பெயரில்லாமல் போனால் ஒரு மனிதன் எழுதியதாக நினைக்கலாம்.

அம்மா, அன்று போனில் நீங்கள் கேட்டது கேட்டதுதான். அவர் பயந்தார். தனியாகத்தான் போனார். மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

'தனியாக' என்று எழுதும்போது பேனா நின்றது. உண்மைதானா என்று ஒரு கணம் யோசித்தேன்.

தபால்பெட்டி தெருமுனையில் இருக்கிறது. இப்போதே போகிறேன், லாரியில் அவன் இன்னும் தனியாக இருக்கும்போதே.