வீட்டுக்கு 2.8 பேர்

மார்ச் 4, 2025, செவ்வாய்

மறுபடி அலுவலகம். என் கணவர் பாலா இறந்து இருபத்தாறு நாள். எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். லிஃப்ட்டில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். மேலாளர் ஜூடித், "லேசான வேலையாக ஒன்று" என்று மெல்பர்ன் நகர விவரத் தொகுப்பைப் புதுப்பிக்கக் கொடுத்தாள். நிலம், ஆறு, கடல், எங்கே யார் குடியிருக்கிறார்கள், என்ன வயது, வீட்டில் என்ன மொழி. பதினேழு வருஷமாக நான் செய்கிற வேலைதான். சரி என்றேன்.

பாலாவின் போனுக்குப் பல் டாக்டரிடமிருந்து நினைவூட்டல் வந்தது. வருவதாக இருந்தால் 1 என்று பதில் அனுப்பவும். அனுப்பினேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 5

ஒரு பக்கம் எழுதினேன். பிழை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

நில அமைப்புப் பகுதி முடிந்தது. மேற்கே எரிமலைக் குழம்பு இறுகிய சமவெளி, மரம் குறைவு. கிழக்கே மலையும் மழையும். நடுவில் யாரா ஆறு, தெற்கே வளைகுடா. தென்கிழக்கே ஒரு காலத்தில் சதுப்பு நிலம், வடிகால் வெட்டிக் காயவைத்துக் காய்கறித் தோட்டம் போட்டார்கள், இப்போது வீடு. கிரான்பர்ன் தாண்டி எங்கள் குடியிருப்பு எஸ்டேட் இருப்பது அந்தக் காயவைத்த நிலத்தில்தான். ஒரு பக்கம் ஓடை, மறு பக்கம் ரயில் பாதை. உள்ளே போக, வெளியே வர ஒரே சாலை. வரைபடத்தில் பார்த்தால் பை மாதிரி இருக்கும். வாயை ஒரு கையால் பிடித்துவிடலாம்.

தென்கிழக்குக்கான பழைய மக்கள்தொகைக் கணிப்பு அட்டவணையை எடுத்தேன். 2017. கீழே தயாரித்தவர் என்று G.B. இருந்தது. கிரிஜா பாலகிருஷ்ணன். நான்.

மூடி வைத்துவிட்டு மேற்குப் பகுதியை எழுதினேன்.

மார்ச் 12, புதன்

எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு மறந்துபோனேன் என்று சொல்ல முடியாதபடி.

பிப்ரவரி 6, வியாழன். இரண்டு பேருக்கும் அன்று வீட்டிலிருந்தே வேலை. மதியம் மூன்று மணிக்குப் பாலா மாடியிலிருந்து இறங்கி வந்து, "இடது கை என்னமோ மாதிரி இருக்கு கிரிஜா" என்றார். சோபாவில் உட்கார்ந்தார். வேர்த்தது. 3.12க்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் பெருஞ்சாலை முனைக்கு 3.22க்கே வந்துவிட்டார்கள். அங்கிருந்து எங்கள் வாசல் இரண்டரை கிலோமீட்டர். வந்து சேர்ந்தது 3.51. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், இரண்டு பக்கமும் கார், ஒதுங்க ஓரம் கிடையாது.

டாக்டரிடம் கேட்டேன், முன்னாலேயே வந்திருந்தால்? சொல்ல முடியாது என்றார். கேட்டபோது எனக்கு அட்டவணை ஞாபகமில்லை. உண்மையாகவே இல்லை.

எஸ்டேட் திட்டத்தில் ஒரு விதி உண்டு. குடியிருப்பவர் ஏழாயிரத்தைத் தாண்டுவார்கள் என்று கணிப்பு வந்தால் ரயில் பாதைக்கு மேலே இரண்டாவது சாலை உடனே போட வேண்டும். தாண்டாது என்றால் 2032 வரை தள்ளலாம். வீடுகள் 2,100. வீட்டுக்கு 2.8 பேர் என்று போட்டால் 5,880. தள்ளிவிட்டார்கள்.

2.8 போட்டது நான்.

மார்ச் 13

நேற்று எழுதியது முழுசு இல்லை. மீதியை இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 19, புதன்

செல்வராணி அன்ரி வந்தார். நாலு வீடு தள்ளி இருக்கிறார், வவுனியாக்காரர். தெருவுக்கே அவர் அன்ரி, அவர் கணவர் அங்கிள், எனக்கும் அப்படியே. பாலா போனதிலிருந்து வாரம் இரண்டு தரம் சாப்பாடு கொண்டுவருகிறார். நேராகச் சமையலறைக்குள் போய் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவார். அழு என்றும் சொல்ல மாட்டார், அழாதே என்றும் சொல்ல மாட்டார். அதனால்தான் கதவைத் திறக்கிறேன்.

இன்று ஒரு தாளை விரித்தார். இரண்டாவது சாலை கேட்டு நகரசபைக்கு மனு. "பாலாத் தம்பிக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது பிள்ளை. எங்கட அங்கிளையும் கிழமைக்கு மூண்டு தரம் டயாலிசிசுக்கு உந்த ரோட்டாலைதான் கொண்டுபோறன். நீர் ஒபிசிலை உதுதானே செய்யிறனீர்? இஞ்ச எத்தினை சனம் இருக்குதெண்டு ஒரு கணக்கு எழுதித் தாரும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

மார்ச் 23, ஞாயிறு

அன்ரியோடு வீடு வீடாகப் போனேன். அவர் பேசினார், நான் எழுதினேன்.

முதல் வீட்டில் நாலு பேர் என்றார்கள். உள்ளே தாத்தா பாட்டி, விசிட்டர் விசா, மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார்கள். எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த வீட்டுக்காரர்களாக வர மாட்டார்கள். அடுத்த வீட்டில் கராஜை அறையாக்கி இரண்டு மாணவர்கள். அதற்கடுத்து அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே சமையல். ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று, "இவளையும் சேர்த்துக்குங்க, பத்து நாள் ஆச்சு" என்றாள். எழுதிக்கொண்டேன்.

இருபத்து மூன்று வீடு. நூற்றொரு பேர். வீட்டுக்கு 4.4.

எங்கள் வீட்டையும் எழுத வேண்டியிருந்தது. நானும் மகள் தேஜுவும், இரண்டு என்று எழுதினேன்.

மார்ச் 28, வெள்ளி

ஜூடித்திடம் தென்கிழக்குக்கு 2.8 பொருந்தாது என்றேன். அவள் கெட்டவள் இல்லை. அடுத்த அரசாங்கக் கணக்கு வரும் வரை பழைய விகிதத்தையே வைத்துக்கொள்வோம், எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்றாள். அவள் சொன்னது முறைதான். பேசாமல் என் இடத்துக்கு வந்து 2.8 போட்டேன். இரண்டாவது தரம்.

ஏப்ரல் 2

நாள் முழுக்க எண் சரிபார்த்தேன். மதியம் சாப்பிட்டேனா?

ஏப்ரல் 6, ஞாயிறு

தேஜு பார்த்துவிட்டாள்.

அன்ரி கேட்ட கணக்குக்காக அச்செடுத்திருந்த பழைய அட்டவணை மேசையில் கிடந்தது. லீவு விட்டாச்சு, வீட்டிலேயே இருக்கிறாள், நான்தான் எடுத்து உள்ளே வைத்திருக்கணும். G.B.யின் மேல் விரலை வைத்து, "அம்மா, இஸ் திஸ் யூ?" என்றாள்.

ஆமா என்றேன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு, அசடு இல்லை. விதியையும் படித்திருக்கிறாள், மனுவையும் படித்திருக்கிறாள். தாளைத் திருப்பி வைத்துவிட்டுத் தமிழில் சொன்னாள், சின்ன வயசில் பேசுகிற மாதிரி: "நான் அந்த ஆம்புலன்ஸைத் தாண்டித்தான்மா நடந்து வந்தேன். சைரன் அடிச்சுட்டே நின்னுட்டு இருந்துச்சு. யாருக்கோன்னு நெனச்சேன். நான் ஹெட்ஃபோனை எடுக்கவே இல்ல."

இரண்டு மாசமா எங்கிட்ட சொல்லலையே இவ. ரெண்டு மாசமா! ஸ்கூல் போனா, வந்தா, தட்டைக் கழுவி வச்சா. நான் ஏன் கேக்கல? ஒரே வீட்ல ரெண்டு பேர்தானே இருக்கோம், ரெண்டே பேர் — அதுகூட எனக்கு எண்ணத் தெரியலையா?

கையைப் பிடிக்கப் போனேன். விலகிக்கொண்டாள்.

ஏப்ரல் 9, புதன்

தேஜு கதவுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டாள், இங்கிலீஷில். அப்போதே தப்பு என்று உனக்குத் தெரியுமா?

மார்ச் 13 அன்று எழுதாததை அவளிடம் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் வரைவில் நான் போட்டது 3.6. பக்கத்து எஸ்டேட்களைப் பார்த்து, எங்கள் ஆட்கள் எப்படிக் குடியிருப்பார்கள் என்று தெரிந்து போட்டது. அப்படியென்றால் 7,560, சாலை உடனே வந்திருக்கும். எஸ்டேட் கட்டுகிறவர்களிடமிருந்து ஒரு வரி வந்தது: கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே, சரிபார்க்க முடியுமா? அவ்வளவுதான். யாரும் மிரட்டவில்லை. வெள்ளிக்கிழமை, மணி நாலரை. 3.6தான் சரி என்று நிற்பதானால் பதினோரு அட்டவணைக்கு விளக்கம் எழுத வேண்டும். நகரத்தின் சராசரியை ஒட்டி 2.8 என்று மாற்றிவிட்டு ரயிலைப் பிடித்தேன். அன்று அவளுக்கு நீச்சல் வகுப்பு. நேரத்துக்குப் போய்விட்டேன்.

மூன்று வருஷம் கழித்து அதே எஸ்டேட்டில் வீடு வாங்கினோம். பாலாவுக்கு ஓடை பிடித்திருந்தது. அந்த 2.8 எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

தேஜு, "அன்ரிக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை. "டெல் ஹர்" என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

சொன்னேன். அன்ரி வீட்டில், அங்கிள் உள்ளே படுத்திருந்தார்.

அன்ரி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு, "வீடு வீடா என்னோட வந்தனீர். அப்பவும் தெரியுமோ?" என்றார்.

"தெரியும் அன்ரி."

"அப்ப ஏன் வாயைத் திறக்கேல்லை?"

அன்ரி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். போய் வா என்பதற்கு அவர் சொல்லும் "போட்டு வாரும்"கூட இல்லை.

ஏப்ரல் 26

இந்த வாரம் சாப்பாடு வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்த்தேனா என்ன.

மே 1, வியாழன்

மனு 13ஆம் தேதி நகரசபைக் கூட்டத்துக்கு வருகிறது. பேச விரும்புகிறவர்களுக்கு மூன்று நிமிடம். பெயர் கொடுத்தேன்.

ஜூடித்திடமும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "நம் அறிக்கையைப் பற்றி நீயே வெளியே பேசினால் உன்னை இங்கே வைத்துக்கொள்ள என்னால் முடியாது, கிரிஜா." தெரியும் என்றேன். "இப்போதுதான் இவ்வளவு நடந்திருக்கிறது, கொஞ்சம் பொறுத்து முடிவெடு" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ராஜினாமாக் கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்தேன். நகர விவரத் தொகுப்பில் தென்கிழக்குக்கு 2.8 போட்டதற்கு மேல் எழுதவில்லை, மற்றது முடிந்திருந்தது. அதை ஒப்படைத்தேன்.

பயமாக இல்லை. பயம் வந்தால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

மே 14, புதன்

நேற்றுக் கூட்டம். எஸ்டேட்காரர்கள் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். அன்ரி முன் வரிசையில், என் பக்கம் திரும்பவில்லை. தேஜு என்னோடு வந்தாள். வரச் சொல்லி நான் கேட்கவில்லை.

வீடு வீடாக எண்ணியதைச் சொன்னேன். நான் விலகிய பிறகும் அன்ரி எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார், மனுவோடு இணைத்திருந்தார்கள். இருநூற்றுப் பதினாலு வீடு, சராசரி எங்கள் 4.4க்குக் குறையவில்லை. ஒரு கவுன்சிலர், "2017இல் இதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது அல்லவா?" என்றார். எனக்கு வழிவிடுகிற கேள்வி. ஆமா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"எதிர்பார்த்தார்கள். முதலில் 3.6 என்று எழுதப்பட்டது. எழுதியது நான். குறைத்ததும் நான். என் கணவர் பிப்ரவரியில் இறந்தார், ஆம்புலன்ஸ் அந்தச் சாலையில் நின்றது. அவருக்காகக் கேட்கவில்லை. அங்கே இப்போது எத்தனை பேர் என்று நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்" என்றேன்.

மணி அடித்தது. யாரும் கை தட்டவில்லை. பின்னால் யாரோ ஒருவர், "இவதானா அது?" என்றது காதில் விழுந்தது. தமிழ்க் குரல்.

வரும் வழியில் தேஜு கார் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தோசை ஊற்றி ஒன்றை என் தட்டில் வைத்தாள்.

ஜூன் 3

தெருவில் மூன்று பேர் பார்க்காத மாதிரி போனார்கள். ஒருவர் நின்று பேசினார். நின்றவரைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நகரசபையிலிருந்து கடிதம். எஸ்டேட் முழுவதும் புதிதாக எண்ணப் போகிறார்கள். ரயில் பாதை ஓரப் பராமரிப்புத் தடத்தில் அவசர வண்டிகளுக்கு மட்டும் ஒரு கேட் வைக்கிறார்கள். சாலை பற்றி அடுத்த வருஷம் முடிவு செய்வார்களாம். இரண்டு தடவை படித்தேன். தேஜு ஒரு தடவை படித்தாள். "கேட்," என்றாள். அவள் அறைக்குள் போய் அழுதது கேட்டது. போனேன். இந்தத் தடவை கையை விலக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

வாசலில் அன்ரி. மூன்று மாதத்துக்கு மேலாகிறது. உள்ளே வரவில்லை.

"கோவம் போகேல்லை. அதைச் சொல்லிப்போட்டுத்தான் கேக்கிறன். திங்கள் எனக்குக் கண் ஒப்பரேசன், ரெண்டு கிழமைக்குக் கார் ஓட ஏலாது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு டயாலிசிஸ், அங்கிளைக் கொண்டுபோக ஆள் வேணும்."

"நான் வர்றேன் அன்ரி."

"மூண்டு மணிக்கே வெளிக்கிட வேணும்."

"தெரியும்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அங்கிள் வாசலில் தயாராக நின்றார். பெயர் ராஜரத்தினம், முன்பு நில அளவையாளர். மடியில் பையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டோம். முன்னால் நாற்பது கார் இருக்கும்.

அங்கிள் என் பக்கம் திரும்பி, "பிள்ளை, உம்மட அவர் என்ன மாதிரி ஆள்? நான் கதைச்சது ரெண்டு தரந்தான். குப்பை பின் இழுத்து வைக்கேக்கை கை காட்டுவார்" என்றார்.

பிப்ரவரியிலிருந்து யாரும் இதைக் கேட்கவில்லை. எப்படிப் போனார் என்று கேட்டார்கள்.

மேக்பைப் பறவை என்றால் பயம் அங்கிள், என்றேன். அது கூடு கட்டும் செப்டம்பர் மாதத்தில் ஒரு தடவை தலையில் கொத்திவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் தபால் பெட்டிக்குப் போவார், கீழே வேட்டியோடு. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதைப் பார்க்கவே வந்து நிற்கும். அவர் அவர்களுக்கு சல்யூட் வைப்பார். அங்கிள் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கொத்தமல்லி ஆகாது, ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார் என்று சொல்லத் தொடங்கினேன், வைப்பார் என்பதற்கு மேல் வரவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அங்கிள் பையைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நிமிர்ந்தால் முன்னால் சாலை காலி.

"அவங்கள் அடிக்கட்டும். நீர் முகத்தைத் துடைச்சிட்டு ஆறுதலாக் காரை எடும்" என்றார் அங்கிள்.

பதினோரு நிமிடம் பிந்திப் போனோம். வியாழக்கிழமையும் நான்தான் கொண்டுபோகிறேன்.