மண்புழு அட்டைக்குள்ளே

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. பதினோரு புத்தகங்களும் பத்திரம். போனிலேயே சொல்லியிருப்பேன். நான் போனை எடுத்தாலே இரண்டு பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு வந்து நிற்கின்றன. வீட்டையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டவளுக்குத் தனியாக மூச்சுவிட ஏது இடம்? அதனால்தான் கடிதம்.

சின்னவனைப் பற்றிக் கவலை இல்லை. எட்டு வயது, எதைக் கொடுத்தாலும் வாசித்துத் தள்ளுகிறான். பெரியவள்தான் படுத்துகிறாள். பள்ளிக்கூடம் போனவரை திங்கட்கிழமை காலையானால் வாந்தி எடுப்பாளே, அதற்காகத்தானே பல் டாக்டரிடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வாந்தி நின்றது. கணக்கு, வரைபடம் எல்லாம் ஒழுங்கு. ஆனால் பாடம் முடிந்தபின் சும்மா படிக்கப் புத்தகம் கொடுத்தால், மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். ஒரு காலத்தில் குளிக்கப் போகும்போதுகூடப் புத்தகத்தோடு போனவள் அக்கா. பன்னிரண்டு வயதிலேயே அலுத்துப்போய்விட்டதா?

இத்தனைக்கும் ஒவ்வொன்றையும் நான் முதலில் படித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். முடித்ததும் ஐந்தே ஐந்து வரி எழுதச் சொல்கிறேன், பிடித்தது என்ன, தெரிந்துகொண்டது என்ன என்று. வேறு ஒன்றும் கேட்பதில்லை.

அடுத்த பெட்டிக்கான பட்டியல் உள்ளே இருக்கிறது. உறையை ஒட்டித் தபாலில் போடுவது பெரியவளின் பொறுப்பு. அதையாவது முகம் சுளிக்காமல் செய்கிறாள்.

உன்,
குட்டி

பிப்ரவரி 21

குட்டிக்கு,

உன் பட்டியலைப் பார்த்தேன். நட்சத்திரங்கள், துறைமுகங்கள், மண்புழு வளர்ப்பு. பொழுதுபோக்கப் படிப்பதற்கு மண்புழுவாடி? அந்தப் பிள்ளை ஜன்னலைப் பார்க்காமல் என்ன செய்யும்?

எங்கள் நூலகத்தில் எதை யார் எடுத்தாலும் நாங்கள் ஏன் என்று கேட்பதில்லை. எழுபது வயது மனிதர் ஒருவர் வாரம் தவறாமல் முயல்குட்டிப் படப்புத்தகம் எடுத்துப் போகிறார். பழுது பார்க்கும் அறையில் உட்கார்ந்து கிழிந்த அட்டையை மாற்றி ஒட்டுகிற எனக்கு, எது அதிகம் கிழிகிறது என்று தெரியும். அவரவராகத் தேடி எடுத்ததுதான் கிழிகிறது. நல்லது என்று நாங்கள் வாங்கி அடுக்கியதெல்லாம் புதுசாகவே இருக்கிறது.

பாடத்துக்கு நீ தேர்ந்தெடு, யார் வேண்டாம் என்றது? சும்மா படிப்பதையாவது அவளே பொறுக்கட்டும். சொல்லிவிட்டேன், அப்புறம் உன் இஷ்டம். பெட்டி உன் பட்டியல்படி வருகிறது. அட்டைகளைச் சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேலி செய்தாயே, மண்புழுதான் ஜெயித்தது! பெரியவள் அதைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறாள். இரண்டாம் முறையாகப் படிக்கிறாள். ஐந்து வரியும் கச்சிதம். மண்புழுவுக்குக் கண் கிடையாதாம், தெரியுமா உனக்கு?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்த முறை நான் எதையும் முதலில் படிக்கவில்லை. முடியவில்லை அக்கா. இவர் லாரியோடு போனால் மூன்று வாரம் ஆகிறது திரும்ப. சமையல், துணி, இரண்டு வகுப்புக்குப் பாடம். ஒரு பக்கம் புரட்டுவதற்குள் கண் சொக்குகிறது. அட்டையைப் பார்த்தேன், கொடுத்துவிட்டேன்.

பிள்ளை படிக்கிறாள். எனக்கு அது போதும்.

குட்டி

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இனிமேல் பெட்டி அனுப்ப வேண்டாம்.

நேற்று மத்தியானம் பெரியவள் கலகலவென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை மாதம்! மண்புழுவில் அப்படி என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தேன். அட்டை மண்புழு. உள்ளே, ஹோட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்த பேய். துறைமுகத்துக்குள்ளும் பேய். நட்சத்திரத்துக்குள் நகைத் திருடன்.

அந்த ஐந்து வரியை என் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். நான் அதற்கு "மிக நன்று" போட்டிருக்கிறேன்.

பேய்க்கதை படித்தது எனக்குப் பெரிய விஷயமில்லை. நீயும் அவளும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீர்களே, அதுதான் வயிறு எரிகிறது. நான் அலுத்துக் கிடக்கிறேன் என்று தெரிந்தே செய்தீர்கள். அவளுக்காகத்தானே எல்லாவற்றையும் விட்டேன்? என்னிடம் நேராகக் கேட்கக்கூடாதா அவள்? நான் என்ன ராட்சசியா?

குட்டி

ஏப்ரல் 11

என் குட்டிக்கு,

தப்பு என்னுடையது. வயதுக்கேற்ற புத்தி வேண்டாமா எனக்கு? பிள்ளையைத் திட்டாதே. கழித்துப்போட்ட புத்தகங்களின் அட்டையைக் கழற்றிப் பேய்க்கதைகளுக்கு மாட்டியது நான்தான். செய்யும்போது பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் உன் கடித உறைக்குள் அவள் வைத்த சீட்டை அப்படியே எழுதுகிறேன். மறைத்தது போதும்.

"பெரியம்மா, பேய்க்கதை இருந்தா அனுப்புங்க. அம்மாவுக்குத் தெரிய வேணாம். அம்மா திட்ட மாட்டாங்க. சரின்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டு, அஞ்சு வரி எழுதுன்னுவாங்க. அப்புறம் பேயும் பாடமாயிடும். எனக்குன்னு பாடமா ஆகாத ஒன்னு வேணும் பெரியம்மா. அம்மா பாவம், ரொம்ப டயர்டா இருக்காங்க."

இதை அன்றே உன்னிடம் காட்டியிருக்க வேண்டும். உனக்கு வலிக்கும் என்று பயந்தேன். இப்போது இரண்டு மடங்கு வலிக்க வைத்துவிட்டேன். ஒரு வரி பதில் போடு.

அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். லீவு கிடைத்தால் வா, நேரில் சண்டை போட்டால்தான் எனக்கு ஆறும்.

அந்தச் சீட்டை நாலு தடவை படித்தேன். முதல் மூன்று தடவை அழுதேன். நாலாவது தடவை அவள் சொல்வது சரி என்று பட்டது.

இன்று அவளை எங்கள் ஊர் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தெரு தள்ளித்தான், இத்தனை நாள் நான்தான் அழைத்துப்போனதில்லை. அவள் பேரில் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்து, "என்ன வேணுமோ எடுத்துக்கோ. நான் எதுவும் கேக்க மாட்டேன், எழுதவும் வேணாம்" என்றேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"என்னடி, ஒன்னும் பிடிக்கலையா?"

"நிறையப் பிடிச்சுது."

"எடுக்கலையா? நான்தான் கேக்க மாட்டேன்னேனே."

"கேக்க மாட்ட. என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பம்மா."

அப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் அக்கா. இத்தனை வருஷம் இந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இவளுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு வேறு எப்படிச் செய்வது என்று தெரியாது.

"சரி, மெதுவா வா" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் நீட்டியவள் அப்படியே தூங்கிவிட்டேன். பட்டப்பகலில் நான் தூங்கி எத்தனை காலம்!

ஐந்து மணிக்கு வந்தாள். பை வீங்கியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து "ஐயையோ" என்று ஒரு சத்தம்.

"என்னக்கா ஆச்சு?" என்று சின்னவன் கதவைத் தட்டினான்.

"சொல்ல மாட்டேன், போடா!"

எனக்கும் கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. முதல் நாள் அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேனே, அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது அக்கா. இந்தத் தடவை போய்க் கூட்டி வரப்போவதில்லை.

உன்,
குட்டி