ஏர்னா அம்மாளின் இங்கிலீஷ்

ஓசூர், சேலம் ஜில்லா
12-11-1958

அன்பு மகன் அருள்ஜோசப்புக்கு, அம்மா பவுலினா ஆசீர்வதித்து எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் அங்கே ஜெர்மனியில் சுகம் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் பாதி சுகம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நீ குடியிருக்கிற வீட்டு ஏர்னா அம்மாள் எங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். உனக்குத் தெரியாமல்தான் போட்டார், அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. ஜெர்மன் பாஷையில் நினைத்ததை அகராதியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷ் ஆக்கியிருந்தார். எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற எனக்கே தலை சுற்றியது. அதில் இருந்தது இதுதான்: ஹெல்கா என்ற பெண் உங்கள் மகனுக்கு ஒரு கூடை கொடுத்தாள், திங்கட்கிழமை அவனிடம் பெரிய கடுவன் பூனை இருந்தது, அதனால் வேலைக்குப் போகவில்லை, இப்போது பரீட்சைகூட அவனுக்கு சாசேஜ், நான் அவனுக்குக் கட்டைவிரல்களை அழுத்துகிறேன். இவ்வளவுதான் கடிதம்.

உன் அப்பாவுக்குப் பூனை விஷயத்தில் சந்தேகமே வரவில்லை. மாட்டுப் பண்ணைக் கம்பவுண்டர் அல்லவா, "வாயில்லாத சீவனுக்கு ஒடம்பு சரியில்லன்னு வேலைக்கே போகாம பாத்திருக்கான் பாரு, எம் புள்ள" என்று பண்ணை முழுக்கச் சொல்லிவிட்டார். கூடவே, கடுவன் பூனை வீடு தங்காது, காயடித்துவிட்டால் தங்கும் என்று உனக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார், அதையும் இத்துடன் அனுப்புகிறேன். கூடை விஷயம் பக்கத்து வீட்டு சரோஜம்மாள் காதுக்குப் போக, அவள் "கூடையில பழமா, துணிமணியா? அந்த ஊர்ல பொண்ணு வீட்டுக்காரங்களே தட்டு வெக்கிறாங்களா?" என்று கேட்டாள். எனக்கோ, வெள்ளைக்காரப் பெண் நமக்கெதற்கு என்று ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள், வந்தால் களியும் கீரையும் தின்னப் பழகிக்கொள்வாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கட்டைவிரல்தான் எங்கள் இரண்டு பேரையும் உலுக்கிவிட்டது. நீ லேத் மிஷினில் நிற்கிறவன். விரல் நசுங்கிவிட்டதோ, அதைத்தான் அந்த அம்மாள் அழுத்திக் கட்டுகிறாரோ என்று அப்பா தன் விரலையே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி போனேன். அங்கே ஆஸ்பத்திரியில் கெர்ட்ரூட் என்று ஒரு ஜெர்மன் சிஸ்டர் இருக்கிறார், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். கடிதத்தைப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெரலு சென்னாகி இருக்கு டீச்சரம்மா, பயப்பட வேண்டாம்" என்றார். நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதைத்தான் அவர்கள் கட்டைவிரல் அழுத்துவது என்கிறார்களாம். இங்கிலீஷ்காரர்கள் அதற்கே விரலைப் பின்னிக்கொள்வார்களாம். அப்படியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மற்றதைச் சொல்ல சிஸ்டர் தயங்கினார். பிறகு கடிதத்தின் பின்பக்கமே ஒவ்வொன்றுக்கும் சரியான இங்கிலீஷை எழுதிக் கொடுத்தார். சாசேஜ் என்றால் எப்படிப் போனாலும் எனக்கென்ன என்பதாம். கடுவன் பூனை என்பதற்கு ஹேங்ஓவர் என்று எழுதியிருந்தார். அர்த்தம் கேட்டேன். "முந்தின நாள் நெறைய குடிச்சா மறுநாள் தலை வலிக்கும், அது" என்று மெதுவாகச் சொன்னார். கூடை கொடுப்பது என்றால் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதாம். அந்தப் பெண் உன்னை வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் வரவே கூடாது என்று ஜெபமாலை உருட்டியவள் நான். என் பிள்ளையை வேண்டாம் என்றாள் என்றதும் எனக்கு அவள்மேல் அப்படிக் கோபம் வந்தது. "எம் புள்ளைக்கு என்ன கொறச்சல் சிஸ்டர்?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டுவிட்டேன். சிஸ்டர் எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விரல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கூடை வெறும் கூடைதான், பரிசம் இல்லை என்றேன். பூனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் எழுதியதற்கு மரியாதையாகப் பதில் போடு. இனி அந்தப் பூனை உன் அறைப் பக்கம் வரக்கூடாது, அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஏர்னா அம்மாளுக்குப் பதிலை சிஸ்டரிடம் சொல்லி ஜெர்மனிலேயே எழுத வைத்தேன். அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியே எழுதினால் அந்த அம்மாள் கண் டாக்டரிடம் ஓடிவிடுவார் என்று சிஸ்டர் சிரித்தார், வேறு எப்படியோ எழுதினார். ஒரு வேளையாவது அவரோடு உட்கார்ந்து சாப்பிடு. முன்பின் பார்க்காத எனக்கு, தெரியாத பாஷையில் எழுத உட்கார்ந்திருக்கிறார் பார்.

பரீட்சை இருபத்தெட்டாம் தேதி என்று எழுதியிருந்தாய். அன்று காலைப் பூசைக்கு உன் பெயர் கொடுத்திருக்கிறேன். போய் எழுது. கம்பளிச் சட்டை போட்டுக்கொள். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன், மணி அடிக்கப் போகிறது. இனிமேல் இப்படி ஏதாவது வந்தால், அம்மா, மனசு சரியில்லை என்று நம் தமிழில் ஒரு வரி எழுது. அதற்கு அர்த்தம் கேட்க நான் கிருஷ்ணகிரி போக வேண்டியதில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
யே. பவுலினா