கோழி செட்டுக்குள் நீ போட்ட சட்டை

இன்று காலை தீவனம் அரைத்தேன், மாப்ள. மக்காச்சோளத்தோடு கருவாட்டுத் தூளைக் கொட்டியதும் அந்த வாசம் கிளம்பிப் பண்ணை முழுக்கப் பரவியது. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நீ ஒருத்தன்தான் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சை நன்றாக இழுத்து, "ஓட்டல் ரூம் நாத்தம் இப்பத்தான் போச்சு மச்சா" என்பாய். உலகத்துப் பெரிய ஓட்டல்களில் எல்லாம் படுத்து எழுந்தவன் பேசுகிற பேச்சா அது! நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் பக்கத்தில் யாரும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

நீ போன பிறகு உன்னைப் பற்றி எழுதாத பேப்பர் இல்லை. எல்லாரும் ஒன்றுபோலவே எழுதினார்கள். புதுப் பந்துக்கு முதல் ஆளாக நெஞ்சைக் காட்டிய துணிச்சல்காரன், பதற்றம் என்றால் என்னவென்றே தெரியாதவன் என்று. படித்துவிட்டு "அட போங்கடா" என்று வாய்விட்டே சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை. நீ அக்கா அக்கா என்று சுற்றி வருவாயே, என் வீட்டுக்காரி, எங்கள் மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூர் போய்விட்டாள். இப்போது இந்தப் பண்ணையில் நான், நாலு வேலையாட்கள், மிச்சமெல்லாம் கோழிகள்.

எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலேயே மணி அடித்ததும் நீ மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய், நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். நீ இந்தியாவுக்கு ஆடிய பிறகும் நான் மாறவில்லை. ஊரே கூடி உன் ஆட்டத்தைப் பார்த்த அன்று நான் கோழிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னபோது நீ கோபித்துக்கொள்ளவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாய். அந்த மூச்சு எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முதன்முதலாக அணியில் இடம் கிடைத்து நீ ஊருக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ராசிபுரத்தில் இருந்து வெண்ணந்தூர் வரைக்கும் உன் முகம் போட்ட பேனர். மேளம், மாலை, சரவெடி. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க வேண்டும் என்று அந்தப் புது நீலச் சட்டையைப் போடச் சொல்லியிருந்தார்கள். அதோடு நேராக என் பண்ணைக்கு வந்தாய். வந்தவன் வெளியில் நின்றிருக்கக் கூடாதா? மச்சான் எங்கே என்று கோழிக் கூண்டுகள் இருக்கிற செட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டாய்.

முட்டைக் கோழிக்கு நிறம் ஆகாது. தினமும் பார்க்கிற சட்டையைத் தவிர வேறு நிறத்தைப் பார்த்தால் மிரண்டுவிடும். அதனால்தான் நாங்கள் எல்லாருமே செட்டுக்குள் ஒரே மாதிரி காக்கிச் சட்டை போட்டுக்கொள்கிறோம். நாமக்கல் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. உனக்கும் தெரியும், அன்று மறந்துவிட்டாய். இந்தக் கோடியில் ஒரு கோழி கத்தியது, அந்தக் கோடி வரைக்கும் மொத்தக் கூண்டும் இறக்கையை அடித்துக்கொண்டது. முட்டைகள் உருண்டு விழுந்து உடைந்தன.

"அடப்பாவி, வெளிய போடா! எந்தச் சட்டையப் போட்டுட்டு எங்க வந்து நிக்கிற!" என்று கத்தினேன்.

உனக்கு மாலை போட்டுப் பின்னாலேயே வந்த சனம் வெளியே நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. நீ முதலில் சிரித்தாய். பிறகு வேப்பமரத்தடிக்கு நகர்ந்து என் காதோரம் வந்து, "கோழிக்கே தெரிஞ்சுபோச்சு பாரு மச்சா, இது என்ர சட்டை இல்லீன்னு" என்றாய். நையாண்டி என்று நினைத்து உன் முதுகில் ஒன்று வைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அதற்கப்புறம் ஊருக்கு வரும்போதெல்லாம் நேரே வந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்வாய். கோழிகள் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "இங்க ஒருத்தியும் என்னயக் கண்டுக்கறதில்ல" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்வாய்.

ஆட்டம் இருக்கிற நாட்களில் டாஸுக்கு முன்னால் உன் போன் வந்துவிடும். எந்த நாட்டில் இருந்தாலும் வரும். என்ன கேட்பாய்? "கோழி தீனி எடுக்குதா மச்சா?" அவ்வளவுதான். நானும் எடுக்குது என்பேன், இல்லை என்றால் வெயிலுக்குக் குறைத்துக்கொண்டது என்பேன். இரண்டு பேரும் தீவனத்தையும் தண்ணீரையும் பேசுவோம். ஒருநாள் நடுவில் நீ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பதறிப்போய், "டாக்டரக் கூப்புடுறா" என்றேன். "இது எப்பவும் வாரதுதான், நீ சொல்லு, புதுக் குஞ்சு எப்ப எறக்கற?" என்றாய். சற்றுப் பொறுத்து டீக்கடைப் பக்கம் போனேன். டிவியில் நீ மட்டையோடு நடந்து போய்க்கொண்டிருந்தாய். பக்கத்தில் இருந்தவர், "மொகத்தப் பாருங்க, கல்லாட்டம் இருக்கறான்!" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

உன்னை அணியில் இருந்து எடுத்தார்களே, அப்போது நீ பண்ணையிலேயே வந்து தங்கிக்கொண்டாய். வெளிநாட்டில் பயிற்சி எடுக்கிறான் என்று பேப்பரில் எழுதினார்கள். இங்கே நீ லுங்கியும் காக்கிச் சட்டையுமாக அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு சாயந்திரம் முட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர், நீ யாரென்று தெரியாமல் உன்னிடமே பேச்சுக் கொடுத்தான்.

"நம்மூருக்காரன்னு தலைல தூக்கி வெச்சு ஆடுனமுங்க. அவன் பயந்தாங்கொள்ளிங்க. பந்து மேல எந்திரிச்சாக் கண்ண மூடிக்கறான். அவன் கத முடிஞ்சுதுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நீ அட்டையை நீட்டி, "ஆமாங்க, எனக்கும் ரொம்ப நாளா அந்த ரோசனைதானுங்க" என்றாய்.

லாரி போனதும் வயிறு குலுங்கச் சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "பாத்தியா மச்சா, அந்தச் சட்டைய அவுத்தா ஆளே இல்ல. என்னிக்காச்சும் ஒரு நா மொத்தமா அவுக்கத்தான போறேன். அன்னிக்கு நான் போன் பண்ணுனா நீ எடுப்பியா?"

இதுதான் உன்னைத் தின்றுகொண்டிருந்தது. வேகப் பந்துக்கு நீ பயந்தாயோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆட்டம் நின்ற மறுநாள் யாருக்கும் வேண்டாதவனாகிவிடுவோம் என்பதற்குத்தான் பயந்தாய். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்துவிட்டு இறங்கினாய். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் நீ இன்னும் உடைந்துபோவாய் என்று, "முட்ட அடுக்கத் தெரிஞ்சவனுக்கு இந்தப் பண்ணைல எப்பவும் வேலை இருக்குது. நீ என்னத்துக்குப் போன் பண்ணோணும்? நேரா வா" என்றேன்.

"நெசமாலுமா?"

"நெசமாத்தான்டா."

நீ அட்டையைத் தூக்கிக்கொண்டு செட்டுக்குள் போய்விட்டாய். உன்னை மறுபடியும் அணியில் எடுத்தார்கள், இன்னும் பெரிய பேர் வாங்கினாய். கடைசியில் ஆட்டத்தை விட்டாய். ஊருக்கு வந்துவிடுவாய் என்று செட்டை ஒட்டிய அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன். நீ வர்ணனை செய்யப் போய்விட்டாய். கேட்கும்போதெல்லாம், "வாரேன் மச்சா, இந்த சீசன் முடியட்டும்" என்பாய். உன் முகம் டிவியில் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் உன்னை விடவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதை நீ நம்பவே இல்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஓட்டல் அறையில் நெஞ்சு வலி வந்து நீ போனாய். அன்று காலையிலும் கூப்பிட்டிருந்தாய். கோழி தீனி எடுக்குதா என்றுதான் கேட்டாய்.

உன்னைப் பார்க்க வந்த கூட்டத்தில் என்னால் கிட்டவே வர முடியவில்லை. யாரோ உன் மேல் அந்த நீலச் சட்டையைப் போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் உன் ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்கள். அதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். கோழிப்பண்ணைக்காரன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உன் சம்சாரம் என்னைத் தேடி வந்தது. "அண்ணா, ஒண்ணு சொல்லோணும்" என்றது. "எங்களுக்குள்ள சண்ட வந்தா, ஆட்டத்துல யாராச்சும் ஏதாச்சும் பேசிப்புட்டா, அவரு ஒரே வார்த்தைதானுங்ணா சொல்லுவாரு. 'போனாப் போவுது, எனக்கு மச்சான் பண்ணைல வேல இருக்குது'ம்பாரு. அதச் சொன்னப்பறந்தான் சோத்துல கை வெப்பாரு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மாப்ள. இத்தனை காலமும் நம்பித்தான் இருந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னடா குறைந்துபோயிருக்கும்?

நீ பண்ணையில் இருந்த நாட்களில் மூன்றாவது செட்டின் கடைசி வரிசையை உனக்கென்று விடச் சொல்வாய், நீதான் முட்டை எடுப்பாய். இப்போதும் சாயந்திரம் வேலையாட்கள் அந்த வரிசைக்கு வரும்போது, "அத விடுங்க, ஆள் இருக்குது" என்று சொல்லிவிடுகிறேன். அவர்களும் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பொழுது இறங்கும் வரைக்கும் பார்த்துவிட்டு, நானே போய் எடுத்து வைக்கிறேன்.