பூனை விஷயமாகச் சம்பந்தியம்மாவுக்கு

ஆண்டர்சன்பேட்டை,
7.10.2024

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தியம்மா வினோலியா அவர்களுக்கு, பாக்கியவதி எழுதுவது.

பூனை மெத்தையில் மூத்திரம் பெய்துவிட்டது. கல்யாணத்துக்கு நீங்கள் சீராக அனுப்பிய இலவம்பஞ்சு மெத்தையில்தான். ஒரு தடவை என்றால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். தினமும் பெய்கிறது.

விஷயத்தை முதலில் சொல்லிவிட்டேன், இனி நலம். தேவகிருபையால் இங்கே எல்லாரும் சுகம், மெத்தையைத் தவிர.

போனில் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு போனில் பாதி காதில் விழாது, மீதிப் பாதிக்காக நான் கத்தினால் தெருவே வந்து நிற்கும். அதனால் எழுதிப் பக்கத்து வீட்டு மஞ்சுநாத்திடம் கொடுத்திருக்கிறேன். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். பங்காருபேட்டையில் வண்டி நிற்கும்போது தருவார். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

நம் பிள்ளைகள் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது இந்தப் பூனையை, போர்மேனை, என் தலையில் கட்டிவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். என் மகன் கிறிஸ்டோ வைத்த பேர் பொருத்தம்தான். தான் ஒரு வேலையும் செய்யாது, அடுத்தவர் வேலையை உட்கார்ந்து பார்க்கும். இத்தனை நாளும் மண் போட்டு அதற்கென்று வைத்த டப்பில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது டப் பக்கமே திரும்புவதில்லை. நேராக ரூமுக்குள் போகிறது, கட்டில் மேல் ஏறுகிறது, நடு மெத்தையில் உட்கார்ந்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் கிளமெண்ட் என்ன சொன்னார் தெரியுமா? "சீர்ல இன்னா குறைன்னு பூனை சொல்லுது பாரு" என்றார். அதட்டி உட்கார வைத்தேன். ஆனாலும் அது வேறு வாய் வழியாக உங்கள் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

மெத்தையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் பரப்பியிருக்கிறேன். வாடை போனால் தைப்பேன். போகாவிட்டால் அதையும் எழுதுவேன். என் கடையில் பக்கெட் ஓட்டை என்றால் ஓட்டை என்று சொல்லித்தான் விற்பது.

இப்படிக்கு,
பாக்கியவதி கிளமெண்ட்


பங்காருபேட்டை,
9.10.2024

அன்பு மிகுந்த சம்பந்தியம்மா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

கடிதத்தை மஞ்சுநாத் ஜன்னல் வழியாக நீட்டினார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது, கூடவே நடந்து வாங்கினேன். என் நலத்தை நீங்கள் விசாரித்த மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் நலமே.

மெத்தை போகட்டும். பஞ்சை நானே பொறுக்கி, கொட்டை எடுத்து, எதிரில் ஆளை உட்கார வைத்துத் தைத்தது. அதுவும் போகட்டும். சீரில் குறை இருந்தால் மனிதர் வாயால் சொல்லலாம் என்று சம்பந்தியிடம் சொல்லுங்கள். பூனையை ஏவ வேண்டியதில்லை.

நான் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் காலம் கழித்தவள். தினம் ஒரே வண்டியில் போகிறவர் திடீரென்று அந்த வண்டியை விட்டால், அவர் மேல் தப்பிருக்காது, வண்டியில் ஏதோ மாறியிருக்கும். பூனையின் பெட்டியில் எதை மாற்றினீர்கள்? ஆண் பூனைக்கு நீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று படித்தேன். டாக்டரிடம் காட்டினீர்களா?

உங்களுக்குக் கடை, சரக்கு, ஆட்கள். ஒரு பூனையைக் கவனிக்க நேரம் இல்லாமல் போவது தப்பில்லை. போர்மேனை இங்கே அனுப்பிவிடுங்கள். எனக்கு நேரம் இருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
வினோலியா


ஆண்டர்சன்பேட்டை,
14.10.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பூனையை அனுப்ப மாட்டேன். பதிலைச் சொல்லிவிட்டேன், இனி காரணம் சொல்கிறேன்.

டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் கூடையோடு வரிசையில் நின்றேன். வயிற்றை அமுக்கிப் பார்த்து, அடைப்பு இல்லை, உடம்பில் குறை இல்லை என்றார். நேரம் இல்லாதவள் செய்கிற காரியமா இது?

மார்க்கெட்டில் ஆளுக்கொரு யோசனை. பக்கத்துக் கடை ஆபிரகாம், "இன்னா அக்கா, ஒரு கோணியில போட்டு பங்காருபேட்டை ஸ்டேஷன்ல விட்டுட்டு வாங்க. திரும்பி வராது" என்றான். "உன் தம்பி குடிச்சிட்டு வந்து வாசல்லயே போறானே, அவனை எந்த ஸ்டேஷன்ல விட்டே?" என்று கேட்டேன். கோல்டு மைன்ஸ் மூடின வருஷம், ஊரே அழுதுகொண்டிருந்தபோது, பத்து பக்கெட்டோடு ரோட்டில் உட்கார்ந்தவள் நான். என் வீட்டில் எது இருக்கணும், எது போகணும் என்று ஊர் சொல்லி நான் கேட்டதில்லை.

பெட்டியில் என்ன மாறியது என்று கேட்டீர்கள். பூனைக்கென்று மருமகள் டீனா விட்டுப் போன பாக்கெட் மண் தீர்ந்துபோனது. மண்ணைப் பாக்கெட்டில் அடைத்து ஒருத்தன் விற்கிறான், அதை நான் வாங்கணுமாம். வியாபாரியான நான்! நம்ம ஊரில் மண்ணுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் மைன்ஸ் கழிவு கொட்டின சைனைட் மேடு மலை மாதிரி நிற்கிறது. மாவு மாதிரி மண். கிளமெண்ட் ஸ்கூட்டரில் ஒரு மூட்டை கொண்டுவந்தார், டப்பில் கொட்டினேன்.

நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. எங்கப்பா மைன்ஸ் ஷாப்டில் இறங்கி மேலே அனுப்பின கல்லைக் கம்பெனிக்காரன் அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு, எங்களுக்கென்று விட்டுப்போன ஒரே சொத்து அந்த மேடுதான். அதில் சறுக்கி விளையாடி வளர்ந்தவள் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைக்கு மட்டும் என்ன ஆகிவிடும்?

பாக்கியவதி


பங்காருபேட்டை,
16.10.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷம். ஆனால் காற்றுக் காலத்தில் நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பார்த்தேனே! மேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பியதும் எழுந்து ஓடினீர்கள். ஜன்னலைச் சாத்தினீர்கள், தண்ணீர்க் குடத்தை மூடினீர்கள், "உள்ள போம்மா, சைனைட் தூசி" என்று என் பெண்ணை அதட்டினீர்கள். நல்ல மாமியார் கிடைத்தாள் என்று அன்றைக்கு நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பூனைக்குச் சாத்திக்கொள்ள ஜன்னல் இல்லை. அதே மண்ணை வெறுங்காலால் தோண்டுகிறான், பிறகு அந்தக் காலையே நக்குகிறான். அவன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போகும்போது அவனை என்னிடம் விடு என்று டீனாவைக் கேட்டேன். "உங்க வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கும்மா, சத்தத்துக்குப் பயப்படுவான்" என்றாள். பெற்ற பெண், பிறந்து வளர்ந்த வீடு. பூனைக்கு ஆகாது என்று முடிவு செய்துவிட்டாள். அப்போது பேசாமல் இருந்தேன். இனி இருக்க மாட்டேன்.

வினோலியா


ஆண்டர்சன்பேட்டை,
21.10.2024

வினோலியாம்மா,

நான் கடையில் இருந்த சமயம் பார்த்து என் வீட்டுக்கு வந்து பூனையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை வந்து கதவைத் திறக்கிறேன், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கிளமெண்டைக் கேட்டால், "சம்பந்தியம்மா கூடையோட வந்து நின்னாங்க. பொண்ணு குடுத்தவங்க, இல்லன்னு எப்படி சொல்றது? காபி கூட குடிக்கல" என்கிறார். அவர் மைன்ஸில் ஆட்களை ஏற்றி இறக்குகிற வைண்டிங் இன்ஜின் ஓட்டினவர். மணி அடித்தால் கேஜ் கூண்டை மேலே தூக்குவார், உள்ளே யார், எதற்கு என்று கேட்கிற பழக்கம் கிடையாது. நீங்கள் போய் மணி அடித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்து, பஞ்சு மாதிரி இருக்கிற இடம் உலர்ந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் வைத்தேன். அப்புறம் ரெண்டு டப் வைத்தேன், ஒன்றில் மேட்டு மண், ஒன்றில் ஆற்று மண். நீங்கள் சொல்வதையும் கேட்க வேண்டாம், நான் சொல்வதையும் கேட்க வேண்டாம், வாடிக்கைக்காரர் எதை எடுக்கிறாரோ அதுதான் சரக்கு. மேட்டு மண்ணை மோந்து பார்த்துக் காலை உதறினான். ஆற்று மண்ணில் போய் நிதானமாகக் குழி தோண்டி, போய், மூடிவிட்டு வந்தான். அதற்கப்புறம் மெத்தை ரூம் கதவு திறந்தே கிடந்தது, அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆக நீங்கள் சொன்னது சரி. மூட்டையைக் கொண்டுபோய் மேட்டிலேயே கொட்டச் சொல்லிவிட்டேன். ஆனால் சரியாகச் சொன்னவர் திருடலாம் என்று பைபிளில் எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது?

காலையில் நான் ஷட்டர் சாவியை எடுத்தால் வாசல் வரை கூட வருவான். இன்றைக்கு நான் சாவியை எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

மெத்தை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவனைக் கொடுங்கள்.

பாக்கியவதி


பங்காருபேட்டை,
22.10.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் திருடவில்லை. பட்டப்பகலில், முன்வாசல் வழியாக வந்து, உங்கள் கணவர் கையால் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போர்மேன் சுகமாக இருக்கிறான். ஆற்று மண்தான் போட்டிருக்கிறேன், ஒழுங்காகப் போகிறான். மடியில் வைத்து போட்டோ எடுத்து டீனாவுக்கு அனுப்பினேன். உடனே வீடியோவில் கூப்பிட்டாள். வழக்கமாக "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியா, வெச்சிடட்டா" என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற வரைக்கும் பேசினாள். அவன் என்ன செய்கிறான், எங்கே தூங்குகிறான், இப்போது காதை ஆட்டினானே பார்த்தாயா என்று.

அதனால் கேட்காதீர்கள். தர மாட்டேன்.

வினோலியா


பங்காருபேட்டை,
29.10.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தினமும் பிளாட்பாரத்தில் போய் நிற்கிறேன், மஞ்சுநாத் கையை விரிக்கிறார். எழுதாதவருக்கு எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெத்தை விஷயத்தை நீங்கள் மறைக்கவில்லை, நானும் மறைக்கக் கூடாது.

போர்மேன், நான் சபைக் கொயரில் பாடக் கட்டுகிற வெள்ளைப் புடவையில் பெய்துவிட்டான். நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தின நாளும். ஆராதனைக்கு வேறு புடவையில் போய் நின்றேன். எல்லாரும் வெள்ளை, நான் மட்டும் பச்சை. பக்கத்தில் நின்று பாடுகிற மரியா கேட்டாள், பூனை என்றேன். ஆல்டோ குரல் பாடுகிற வரிசை முழுக்கச் சிரித்தது.

மண்ணை மாற்றிப் பார்த்தேன், பெட்டியைக் கழுவினேன். அதில் ஒன்றுமில்லை. அவன் போய் உட்காரும்போது எக்ஸ்பிரஸ் வந்துவிடுகிறது. நிற்காமல் போகிற வண்டிகள் இப்போது அதிகம். தரை அதிர்கிறது, குதித்து ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறான். இரண்டு நாளாகச் சாப்பாடும் சரியில்லை. என் காதுக்கு அந்தச் சத்தம் எப்போதோ பழகிப்போனது, அதனால் புரிந்துகொள்ள இத்தனை நாள் ஆகிவிட்டது.

டீனா சொன்னது சரிதான். அதை அவளிடம் சொல்ல என்னால் முடியாது. சொன்னால் போன் பழையபடி ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். வந்தால் சண்டை போடுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, நானும் போடுவேன்.

வினோலியா


ஆண்டர்சன்பேட்டை,
4.11.2024

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தியம்மாவுக்கு,

போர்மேன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். ஊர்காம் தாண்டுகிற வரைக்கும் ஆட்டோவே அதிர்கிற மாதிரி கத்தினான். கூடையைத் திறந்ததும் யாரையும் பார்க்கவில்லை, நேராக டப்புக்குப் போனான். கிளமெண்ட் கை தட்டினார். அவருக்கு எதற்குக் கை தட்டுவது என்று ஒரு கணக்கே இல்லை. ராத்திரிச் சோற்றையும் மீனையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

நேற்று நான் அங்கே வந்தபோது, இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். எழுதியிருந்தால் கேட்கக்கூடாத வார்த்தை வந்திருக்கும், அதான். நீங்கள் போட்ட சத்தமும் கொஞ்சமில்லை. உங்கள் பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள், "உள்ள வந்து உட்கார்ந்து கேளுங்க" என்று நான்தான் கூப்பிட்டேன்.

எழுத்தில் இல்லாதது உங்களுக்கு நடக்காத மாதிரி. ஆகையால் பேசி முடித்ததை எழுதுகிறேன், படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனை ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும். இதில் நான் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை, இறங்கவும் மாட்டேன். ஆற்று மண்தான் போடுவேன். அதை நம்பாமல் நீங்களே வந்து கையால் அள்ளிப் பார்ப்பேன் என்றீர்கள், பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கு நீங்கள் இங்கே வர வேண்டும், ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் சபைக்கு வந்துவிட்டு, சாப்பிட்டுப் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்றீர்கள், வாராவாரம் என்றேன், வாராவாரம் என்று முடிந்தது. நான் வீட்டில் இருக்கும்போதுதான் வரணும், காபி குடிக்கணும்.

டீனாவை இங்கிருந்தே கூப்பிடுங்கள், அவனை மடியில் வைத்துக்கொண்டு. யாரிடம் இருக்கிறான் என்று அவள் கேட்டால், "என்னோடுதான் இருக்கிறான்" என்று சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அது பொய்யில்லை. நான் சமையலறையில் இருப்பேன், குரல் கொடுக்க மாட்டேன். கிளமெண்டும் கொடுக்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு.

கடைசியாக, வாசலில் நின்றுகொண்டு நீங்கள் சேர்த்தது, நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்: பிள்ளைகள் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து பூனையைக் கேட்டால், கொடுப்பதில்லை.

பாக்கியவதி