சிறந்த நகைச்சுவை வீடியோ

ஞாயிறு, இரவு.

போன வருடம் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, மழையில் முளைத்துப் போனபோது, என் மனைவி செல்வி வயலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான்தான் அதைப் படம்பிடித்து எங்கள் சேனலில் போட்டேன். எங்கள் கஷ்டம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

நேற்று சென்னையில், வீடியோ போடுகிறவர்களுக்கு வருடா வருடம் நடக்கும் விருது விழா. செல்விக்கு நகைச்சுவைப் பிரிவில் விருது. விவசாயப் பிரிவு என்று நம்பித்தான் திண்டிவனத்தில் பஸ் ஏறினாள். நான் திருத்தவில்லை.

மேடையில் தொகுப்பாளர், "அக்கா, அதே மாதிரி ஒரு தடவை அழுது காட்டுங்க" என்றார். செல்வி கூட்டத்தில் என்னைத் தேடினாள். பிறகு, "ஐயோ, மல்லாட்டையெல்லாம் மொளச்சிப் போச்சே!" என்றாள். மல்லாட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் கை தட்டினேன். ஏன் தட்டினேன்?

திரும்பி வரும் வழியெல்லாம் விருதை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நான்கு நாள் மழை இன்று மதியம்தான் விட்டது. இந்த வருடம் பிடுங்கிப் போட்டதைப் புரட்டிப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாக முளை. செல்வி அழவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னாத்த பாத்துக்கினு நிக்கிற? ஃபோன எடுய்யா, அழுவறேன்."

எடுத்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை என்று அவளே இன்னொரு தடவை அழுதாள்.