பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்த கஞ்சி

அனுப்புநர்:
வள்ளியம்மா, க/பெ ரெங்கசாமி,
தெலுக் பூலாய் சாலை, கிள்ளான்.

பெறுநர்:
தலைமை மருத்துவர் டாக்டர் தியாகராசா அவர்கள்,
புக்கிட் செரோஜா மருத்துவமனை, கிள்ளான்.

பொருள்: பக்கவாத நோயாளிகளைக் கவனிக்க எல்லா ஷிப்டுக்கும் ஒரே நடைமுறை வேண்டியும், காத்தூன் பீவிக்கு வார்டில் போட்ட தடையை நீக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற என் கணவர் ரெங்கசாமி, சென்ற வாரம் சட்டை மாட்டும்போதே வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சு நின்று, தங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடனே கட்டிலும் மருந்தும் கொடுத்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேத்தி மலாயில் டைப் அடித்துத் தருகிறேன் என்றாள். கண்ணால் பார்த்தவள் நான் என்பதால் நானே எழுதுகிறேன்.

1. மறுநாள் காலைத் தாதி சிவமலர் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். அவருக்குப் புரையேறியது. "ஆன்டி, தொண்டை இன்னும் வேலை செய்யல லா. நாங்க சொல்ற வரைக்கும் வாயில ஒன்னும் குடுக்காதீங்க, தண்ணிகூட வேணாம்" என்றார். நானும் கொடுக்கவில்லை. அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

2. சிவமலர் வேலை முடிந்து போய்விட்டார். மாலையில் வந்த தாதிக்கு விஷயம் தெரியவில்லை. சாப்பாட்டு வண்டி தள்ளுபவருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் வைப்பதுபோல என் கணவரின் பன்னிரண்டாம் கட்டிலுக்கும் கஞ்சியை வைத்துவிட்டுப் போனார். கணவரின் துணியை அலச நான் கீழே போயிருந்தேன்.

3. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் மைதீன். அவருக்கும் வாதம்தான், ஆனால் விழுங்குவார். அவரைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய அக்காள் காத்தூன் பீவி. வார்டு வழக்கம் தாங்கள் அறியாததல்ல. ஒருவர் வெளியே போனால் பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொள்வார். நானும் மைதீனுக்கு ஊட்டியிருக்கிறேன். கஞ்சி ஆறிப்போகிறதே என்று, தம்பிக்கு ஊட்டிய கையோடு காத்தூன் பீவி என் கணவருக்கும் ஊட்டிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது அவர் முகம் நீலமாகியிருந்தது. "அக்கா, பசியில வாயத் தொறந்தாரு, நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கஞ்சி நுரையீரலில் இறங்கி நிமோனியா கண்டிருக்கிறது. இப்போது என் கணவர் மூக்கில் காற்றுக் குழாயோடு கிடக்கிறார். பிழைப்பாரா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

4. இது மட்டுமல்ல. ஒரு தாதி விழுந்த கையைத் தலையணைமேல் பதமாக வைக்கிறார். அடுத்தவர் அதே கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறார். தோள் வீங்கிவிட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை ஐயா. ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

5. ஆனால் வார்டில் முடிவானது வேறு. அனுமதியில்லாமல் ஊட்டியதாகச் சொல்லி, காத்தூன் பீவி உள்ளே வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அவர் தூக்குச்சட்டியோடு கதவுக்கு வெளியே நிற்கிறார். மைதீன் யார் ஊட்டினாலும் தட்டைத் தள்ளிவிடுகிறார். கட்டிலில் கஞ்சியை வைத்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள், இரக்கப்பட்டு ஊட்டியவர் வெளியே நிற்கிறார். இது எந்த நியாயம்?

ஆகவே, வாதம் என்று வருகிற எவருக்கும் விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே முதல் வாய் கொடுக்க வேண்டும். முடியாதென்றால் அதைத் தலைமாட்டில் அட்டையாக மாட்ட வேண்டும், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். அந்தக் கட்டிலுக்குத் தட்டே வரக் கூடாது. எப்படித் தூக்குவது, எப்போது புரட்டிப் படுக்க வைப்பது என்பதையும் எல்லாத் தாதியருக்கும் ஒன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஷிப்டு மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் கட்டிலருகே நின்று ஒப்படைக்க வேண்டும். காத்தூன் பீவியை இன்றே உள்ளே விட உத்தரவிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த அம்மாதான் என் கணவரை இந்த நிலைக்கு ஆளாக்கினார் என்று எழுதிய ஒரு தாளை நேற்று வார்டில் என்னிடம் நீட்டினார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். நாளைக்கு என் கணவருக்கு என்ன ஆனாலும் அதில் போட மாட்டேன். நான் கையெழுத்திடுவது இந்த மனுவில்தான்.

இடம்: கிள்ளான்
தேதி: 14.8.1986

தங்கள் உண்மையுள்ள,
ரெ. வள்ளியம்மா